கிளி வாங்கப் போறீங்களா?

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதித் தா" என்று கேட்டபோது, தெர்மல் பாடத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். படிக்க ஆள் இருக்காது! அதனால் போன தீபாவளி லீவில் நான் கிளி வாங்கிய கதையை எழுதுகிறேன். உங்களில் சிலருக்காவது உதவும்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் ஹாஸ்டலுக்கு வந்த பிறகு பகலில் வீட்டில் ஆயா மட்டும்தான். அப்பா கொத்து வேலைக்கு, அம்மா களை எடுக்க. ஆயாவுக்குக் கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. "ஒரு கிளி வாங்கியாடா கண்ணு, பேச்சுத் துணையா இருக்கும்" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. லீவில் பெயிண்ட் அடிக்கப் போய்ச் சேர்த்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாயோடு வாரச் சந்தைக்குப் போனேன்.

கூண்டுகளில் கலர் கலராகக் குருவிகள். "பேசுற கிளி இல்லியாண்ணே?" என்றேன். கடைக்காரர் அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, கீழே இருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தார். பாதி இறகு முளைத்த பச்சைக்கிளிக் குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. "ஆண் குஞ்சு தம்பி, நல்லா பேசும். எழுநூறு." இருநூறு அட்வான்ஸ் கொடுத்து, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. கொத்து வேலைக்கு முன்பு அப்பா பனை ஏறியவர். "மொட்டைப் பனைப் பொந்துலதான்டா அது குஞ்சு வைக்கும். நானே எடுத்து வித்திருக்கேன். நாலு எடுத்தா வியாபாரி கைக்குப் போறதுக்குள்ள ரெண்டு செத்துடும். தாய்க்கிளி தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்தும். அந்தக் காசுல அரிசி வாங்குனோம், வேற என்ன பண்றது... இப்ப நமக்கு அது வேணாம்டா." அதற்கு முன்பு அப்பா இதை என்னிடம் சொன்னதே இல்லை. நானும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு, அபராதமும் உண்டு. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது இந்தக் கிளியை இரண்டாம் அட்டவணையில் சேர்த்தார்கள். "கிளி ஜோசியக்காரர் வெச்சிருக்காரே?" என்று கேட்பீர்கள். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் வேட்பாளருக்கு ஜோசியம் சொன்ன கிளிகளையே வனத்துறை எடுத்துக்கொண்டு போனது! உங்கள் வீட்டில் ஏற்கெனவே பச்சைக்கிளி இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கையில் வளர்ந்த கிளியை நீங்களாகப் பறக்க விட்டால் அதற்கு இரை தேடத் தெரியாது.

இன்னொன்று, அந்த "ஆண் குஞ்சு" என்பதே பொய். ஆணின் கழுத்தில் கறுப்பும் ரோஸுமாக வளையம் விழ இரண்டு மூன்று வருடமாகும். அதற்கு முன்னால் பார்த்தால் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

அப்போது எதைத்தான் வாங்குவது? கூண்டிலேயே பொரித்த வெளிநாட்டு இனங்களை வாங்கலாம். நாம் "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்கிற சின்னக் குருவி உண்மையில் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் கிளி. நிஜ லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. தலையில் கொண்டை வைத்த காக்டெய்லும் ஆஸ்திரேலியாதான். பட்ஜெரிகருக்கும் காக்டெய்லுக்கும் பதிவு தேவையில்லை. சன் கான்யூர், மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவை என்றால் 2024-ல் வந்த விதிப்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த விலைக்கு நம்மிடம் பணம் ஏது, விடுங்கள்.

நான் பட்ஜெரிகர் வாங்கினேன். சின்னதாக இருந்தாலும் ஆண் பறவையைத் தனியாக வைத்துப் பழக்கினால் சில சொற்கள் பேசும். வளர்ந்த பறவையில் மூக்குக்கு மேல் இருக்கும் சதை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். வெள்ளை, மஞ்சள் ரகங்களில் இந்தக் கணக்கு தப்பும். நெற்றியில் மூக்கு வரை கோடு கோடாக இருந்தால் இளசு. மூன்று நாலு மாதத்தில் கோடு மறைந்துவிடும். இளசுதான் சீக்கிரம் பழகும். உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்திருப்பது, மூக்கு ஒழுகுவது, மலவாயில் எச்சம் ஒட்டியிருப்பது, மூச்சு விடும்போது வால் ஆடுவது... இதில் எது இருந்தாலும் விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். பறவை நோயைக் கடைசி வரை மறைக்கும். நமக்குத் தெரியும்போது பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும்.

கூண்டு விஷயத்தில் நம் படிப்பு உதவியது. கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும். வெர்னியரை வைத்து அளந்தேன், 12 மில்லிமீட்டர். கடைக்காரர் சிரித்தார்! கால்வனைஸ் கம்பியில் துத்தநாகம் சொட்டுச் சொட்டாக உறைந்திருந்தால் பறவை அதைக் கொத்தித் தின்று விஷமாகும். நான் வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் மண்சட்டி, அந்தக் கவலை இல்லை. தினை, கீரை, கொத்தமல்லித் தழை கொடுக்கிறோம். காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதருக்குக் கிளிக் காய்ச்சல் வரலாம். அதனால் தட்டை நனைத்துத்தான் துடைக்க வேண்டும். அந்த வேலை அம்மாவுடையது.

கொடுத்த இருநூறு திரும்பி வரவில்லை. கேட்டதற்குக் கடைக்காரர், "எந்தக் கிளி தம்பி?" என்றார்.

எங்கள் பறவை இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஆயா உரலில் வெற்றிலை இடிக்கும்போதெல்லாம் கூடச் சேர்ந்து கத்துகிறது. ஆயா இடிப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்துகிறது. அதனால் ஆயா இப்போது வெற்றிலை இல்லாமலே வெறும் உரலை இடித்துக்கொண்டிருக்கிறது என்று அம்மா போனில் சொல்கிறாள்.

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்