வெட்டச்சும் கைவினையும்

ஒருவர் தம் கையாலே செய்து அனுப்பும் வாழ்த்து மடலுக்கு, கடையிலே விலைக்கு வாங்கும் மடலுக்கில்லாத பெருமையொன்று உண்டு. அனுப்பியவர் நமக்கெனத் தம் பொழுதிலே ஒரு பகுதியை ஒதுக்கினார் என்பதே அப்பெருமைக்குக் காரணமாம். ஆயின், இக்காலத்தில் அத்தகைய மடல்களிலே காணப்படும் நுண்ணிய பூக்களும் இலைகளும் பின்னல் ஓரங்களும் பல வேளைகளிற் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டவையல்ல. உலோக அச்சொன்றைக் கடதாசியோடு சேர்த்து அழுத்தி வெட்டப்பட்டவை. அவ்வாறு செய்த மடலைக் கைவினை எனல் பொருந்துமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அதனைத் தெளிதற்கு, அக்கருவி யாது, எவ்வாறு தொழிற்படுகின்றது, எவ்வழி வந்தது என்பவற்றை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

‘டை’ என வழங்கும் அவ்வச்சினை ஈண்டு வெட்டச்சு எனக் குறிப்பாம். வேண்டிய உருவத்தின் எல்லைக்கோட்டையே கூரிய விளிம்பாகக் கொண்ட உலோகத்துண்டு அது. பரப்பிய மாவிலே வட்டமும் நட்சத்திரமுமாக வெட்டியெடுக்கும் பிஸ்கற் அச்சினை ஒப்பது. ஆனால் மாவினும் கடதாசி உறுதியானது. கையால் அழுத்தினால் மட்டும் வெட்டுண்ணாது. இங்கே பௌதிகவியலின் எளிய விதியொன்று துணைசெய்கின்றது. விசை ஒன்றேயாயினும், அது தாக்கும் பரப்புக் குறையுந்தோறும் அமுக்கம் கூடும். விளிம்பின் நீளம் 300 மில்லிமீற்றர், அதன் முனையின் அகலம் 0.05 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். அது கடதாசியைத் தொடும் பரப்பு 15 சதுர மில்லிமீற்றரே. அதே விசை, பக்கம் 150 மில்லிமீற்றரான சதுரத் தட்டு முழுவதிலும் பரவுமாயின், பரப்பு 22,500 சதுர மில்லிமீற்றராகும். எனவே விளிம்பின்கீழ் உண்டாகும் அமுக்கம் தட்டின்கீழ் உள்ளதைப்போல் 1,500 மடங்காம். அன்றியும், வீட்டிலே பயன்படும் இயந்திரத்தில் இரண்டு உருளைகளின் இடையே அச்சும் கடதாசியும் செல்லும்போது, ஒரு நேரத்தில் ஒடுங்கிய ஒரு பட்டையே அழுத்தப்படுகின்றது. ஆதலின் சிறுவர் ஒருவரும் கைபிடியைச் சுழற்றித் தடித்த கடதாசியை வெட்ட இயலும்.

இக்கருவியின் வரலாற்றிலே மூன்று கட்டங்கள் கருதத்தக்கன. 1834ஆம் ஆண்டில் இலண்டனிலே, டொப்ஸ் என்னும் கடதாசி நிறுவனத்திற் பணியாற்றிய ஜோசப் அடன்புறூக், அச்சின்மேல் அழுத்திப் புடைக்கச்செய்த கடதாசியின் மேடுகளை அரத்தால் அராவிவிட, அவ்விடங்கள் துளைகளாகி, கடதாசி பின்னற்சரிகை போலாதலைக் கண்டார். இக்கடதாசிச் சரிகை பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றது. மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் எஸ்தர் ஹௌலண்ட் என்னும் பெண்மணி, 1840களின் இறுதியில், இச்சரிகையையும் வண்ணப்படங்களையும் கொண்டு காதலர் தின மடல்களை ஆக்கத் தொடங்கினார். அவருடைய இல்லத்தில் பெண்கள் பலர் ஒன்றுகூடி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு பகுதியாக ஒட்டி அவற்றை முடித்தனர். சரிகை அச்சினால் ஆயது. அதனை அமைத்ததோ கை.

இரண்டாங் கட்டம் ஒரு தவறினாலே விளைந்தது. 1879இல் நியூயோர்க்கைச் சார்ந்த புரூக்கிளினிலே, றொபேட் கெயர் என்பாரின் தொழிற்சாலையில் விதைப்பைகள் அச்சிடப்பட்டபோது, மடிப்புத்தடம் பதிக்கவேண்டிய உலோகச் சட்டமொன்று இடம்பெயர்ந்து பைகளை வெட்டிவிட்டது. பிறர் நட்டமெனக் கருதி விட்டுவிடக்கூடிய அதிலே அவர் ஒரு வழியைக் கண்டார். உயர்ந்த சட்டம் வெட்டவும் தாழ்ந்த சட்டம் மடிப்புத்தடம் பதிக்கவும், ஒரே அழுத்தத்தில் மடித்தற்குரிய பெட்டி ஆயத்தமாயிற்று. மூன்றாங் கட்டம் பள்ளிக்கூடத்தைச் சார்ந்தது. 1977இல் கலிபோர்ணியாவிலே தோன்றிய எலிசன் நிறுவனம், வகுப்பறைச் சுவர்களுக்கு வேண்டிய எழுத்துக்களை வெட்டும் கைப்பொறியை ஆசிரியருக்கு அளித்தது. அந்நிறுவனமே 2001இல் ‘சிசிக்ஸ்’ என்னும் பெயரில் வீட்டுக்குரிய சிறு பொறியை வெளியிட்டது.

இன்று வழங்கும் அச்சுக்கள் இரு வகையின. ஒருவகை, உருக்குச் சட்டத்தை உருவத்துக்கேற்ப வளைத்துப் பலகையிற் பதித்தது. வெட்டிய துண்டினை வெளித்தள்ள அதனைச் சூழ மென்மையான றப்பர் நுரை வைக்கப்பட்டிருக்கும். இது துணியையும் தடித்த மட்டையையும் வெட்டும். மற்றது, மெல்லிய உருக்குத் தகட்டினை இரசாயனக் கரைசலால் அரித்து, விளிம்பினை மட்டும் மேடாக எஞ்சவிட்டது. நுண்ணிய வேலைப்பாட்டிற்கு இதுவே ஏற்றது.

மெல்லிய அச்சினைப் பயன்படுத்துமுறை வருமாறு: அடித்தட்டின்மேல் பிளாஸ்ரிக் வெட்டுதட்டு ஒன்று, அதன்மேல் அச்சு, கூரிய பக்கம் மேலாக, அதன்மேல் கடதாசி, யாவற்றுக்கும் மேல் இன்னொரு வெட்டுதட்டு. இவ்வடுக்கினை உருளைகளினூடே செலுத்துதல் வேண்டும். நேரிய நீண்ட விளிம்புடைய அச்சினைச் சற்றுச் சரிவாக வைத்தல் நன்று; அன்றேல் விளிம்பு முழுவதும் ஒரேநேரத்தில் உருளையை எதிர்த்துப் பொறியைத் தடுக்கும். ஓரிடம் வெட்டுப்படாதாயின், தட்டின்கீழ் ஒரு தாளைச் சேர்த்தால் அமுக்கம் கூடும். நுண்துளைகளிற் கடதாசி சிக்கிக்கொள்ளாதிருக்க, மெழுகுதாள் ஒன்றினை அச்சுக்கும் கடதாசிக்குமிடையே வைப்பர். வெட்டுதட்டுக்கள் நாளடைவில் வளையுமாதலின், அவற்றை அடிக்கடி புரட்டி வைத்தல் வேண்டும்.

இனி, தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு மீள்வாம். ஓர் அச்சினை ஆயிரம் பேர் வாங்கினால், ஆயிரம் பேரும் ஒரே பூவை வெட்டுவர். விளக்கப்படத்திற் கண்டவாறே அதனை ஒட்டி முடிப்பவர் பிறரொருவரின் மடலைப் படியெடுத்தவரேயாவர். அவ்வளவில் ஐயம் நியாயமானதே. ஆனால் அச்சு அறியாதவை பல. எந்நிறத்தின்மேல் எந்நிறம் பொருந்தும், எங்கே வெறுமை வேண்டும், இம்மடலைப் பெறுபவர் யார் என்பவற்றை அது அறியாது. வெட்டியெடுத்த பூவை ஒரு மடலில் ஒட்டலாம். பூவை இழந்த கடதாசியின் துளைக்குப் பின்னே வேறு நிறத் தாளை வைத்து இன்னொரு மடலாக்கலாம். ஒரு வெட்டில் இரண்டு ஆக்கங்கள் உள என்பதைக் காண்பது கண்ணே, கருவியன்று.

அன்றியும், கத்தரிக்கோலை நுட்பமாகப் பிடிக்கமாட்டாத சிறுவரும், முதுமையால் விரல் நடுங்குவோரும் உளர். அவர்தம் உள்ளத்தில் அழகு குறைவில்லை. விரலிலேதான் உறுதி குறைவு. அவ்வுறுதியை உருக்கின் விளிம்பு அவர்களுக்குக் கடனாகத் தருகின்றது. பாட்டன் ஒருவர் தம் பேரப்பிள்ளைக்குச் செய்தனுப்பிய மடலிலே பூவின் ஓரம் பிசகின்றி இருப்பதால், அது அவர் கைவினை அன்று என்று எவர் சொல்வார்?

ஆகவே, வெட்டும் வேலையை அச்சுக்கு விடலாம். தேரும் வேலையைக் கை விடலாகாது. வூஸ்ரர் நகரின் அவ்வில்லத்திலே இயந்திரம் செய்த சரிகையை வைத்து ஒட்டிய பெண்கள் செய்ததும் அதுவே. கைவினை என்பது கருவியில்லாமை அன்று. கருவியை ஆளும் கருத்து நம்முடையதாயிருத்தலேயாம்.