ஆறடிப் பையன் ஏன் கோல் கம்பத்துக்குப் போகிறான்?

மலேசியாவின் கோல சிலாங்கூரில், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆறடி உயரமும் 90 கிலோ எடையுமாக ஒரு பையன் வளர்ந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை எங்கே தேடுவது? ஞாயிறு மாலை என்றால் திடலில், கோல் கம்பங்களுக்கு நடுவே. உடம்பு பெருத்தவனைக் கோலியாக நிறுத்துவதுதானே நம் வழக்கம். பள்ளி விளையாட்டுப் போட்டி என்றால் குண்டு எறிதல். பொங்கல் விழாவில் கயிறு இழுக்கும் போட்டி நடந்தால், கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் புதைத்து, மல்லாந்து சாய்ந்து நிற்பவன் அவன்தான். குத்துச்சண்டை வளையத்தில் மட்டும் அவனைப் பார்க்க முடியாது.

அப்படியானால் மற்ற விளையாட்டுகள்தான் ஹெவிவெயிட் ஆட்களைக் கொண்டுபோய்விடுகின்றனவா? உலகக் குத்துச்சண்டை ரசிகர்களிடம், குறிப்பாக அமெரிக்கர்களிடம், இது நெடுநாள் புலம்பல். ஒலிம்பிக்கின் ஹெவிவெயிட், சூப்பர் ஹெவிவெயிட் பிரிவுகளில் அமெரிக்கா கடைசியாகத் தங்கம் வாங்கியது 1988இல், ரே மெர்சர் கையால். அதற்குப் பின் உக்ரைனின் கிளிட்ச்கோ சகோதரர்கள் வந்து பல ஆண்டுகள் பட்டத்தை விடாமல் வைத்திருந்தார்கள். ‘நம் ஊர்ப் பெரிய உடம்புக்காரர்கள் எல்லாம் அமெரிக்கக் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போய்விட்டார்கள், மிச்சம் மீதிதான் குத்துச்சண்டைக்கு வருகிறது’ என்று அங்கே அதற்குச் சமாதானம் சொன்னார்கள்.

அதில் பொய்யில்லை. டல்லாஸ் கவ்பாய்ஸ் அமெரிக்கக் காற்பந்துக் குழுவின் எட் ஜோன்ஸ், ஆறடி ஒன்பது அங்குல ஆள், 1979இல் காற்பந்தை விட்டுவிட்டுக் குத்துச்சண்டைக்கு வந்தார். ஆறு சண்டை, ஆறிலும் வெற்றி. அடுத்த ஆண்டே பழைய குழுவுக்குத் திரும்பிவிட்டார். அந்தக் குழு ஆடும் லீக்கில் இன்று 32 குழுக்கள், குழுவுக்கு 53 பேர். 2024இல் புதிதாக நுழைந்த ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 795,000 டாலர். தொடக்க நிலைக் குத்துச்சண்டை வீரர் பகலில் வேறு வேலை பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். இதைவிட முக்கியமானது படிப்பு. காற்பந்து ஆடினால் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளும், செலவையும் ஏற்கும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அதிகாரபூர்வக் குத்துச்சண்டைப் போட்டியோ, 1960இல் விஸ்கான்சின் மாணவர் சார்லி மோர் அடிபட்டு இறந்ததோடு நிறுத்தப்பட்டது. பிள்ளையைப் படிக்கவைக்க நினைக்கும் தாய் எந்தப் பக்கம் சாய்வாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் எனக்கு இந்தச் சமாதானம் பாதிதான் ஒப்புகிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் ஹெவிவெயிட் பெயர்களை எடுத்துப் பாருங்கள். டியோன்டே வைல்டர் கூடைப்பந்தும் அமெரிக்கக் காற்பந்தும் கனவு கண்டவர். கையுறை மாட்டியதே 20 வயதில்தான். நோயோடு பிறந்த மகளின் செலவுக்காக வளையத்துக்கு வந்து, மூன்றே ஆண்டுக்குள் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். ஆண்டனி ஜோஷுவா 18 வயதுவரை காற்பந்தும் ஓட்டமும்தான். 2012 லண்டனில் தங்கம். 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃப்யூரியை வென்று எல்லாப் பட்டங்களையும் சேர்த்தெடுத்த ஒலெக்ஸாண்டர் உசிக், 15 வயதுவரை சிம்ஃபெரோபோல் நகரில் பந்து உதைத்துக்கொண்டிருந்தவர். மற்ற விளையாட்டுகள் இவர்களைக் கொண்டுபோகவில்லை, வளர்த்து அனுப்பின.

காரணம் உடம்பின் கணக்கில் இருக்கிறது. 48 கிலோ பிரிவில் சண்டையிடும் வீரன் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வளையத்துக்குள் வந்தாக வேண்டும். அந்த எடையில் வேகமும் நுணுக்கமும்தான் எல்லாம். பெரிய உடம்போ 18, 19 வயதில்தான் முழுதாக வந்து சேர்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனைப் பார்த்து இவன் 95 கிலோ ஆவான் என்று யாரால் சொல்ல முடியும்? அதுவரை அவன் ஏதாவது விளையாடிக்கொண்டுதான் இருப்பான். ஹெவிவெயிட் மட்டும்தான் இப்படித் தாமதமாக வருபவனையும் ஏற்றுக்கொள்ளும் பிரிவு.

இந்தியாவில் இதற்குத் தெளிவான சாட்சி சதீஷ் குமார். உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷகர் மாவட்டத்துக்காரர், கபடி ஆட்டக்காரர். 2008இல் இராணுவத்தில் சேர்ந்தபோது அவர் உடம்பைப் பார்த்த அங்குள்ள பயிற்றுநர்கள் குத்துச்சண்டைக்கு இழுத்தார்கள். 2014 இஞ்சோன் ஆசியப் போட்டியில் வெண்கலம், 2018 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி. பிறகு ஒலிம்பிக்கின் சூப்பர் ஹெவிவெயிட்டுக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியர் ஆனார். தோக்கியோவில் இரண்டு மீட்டர் உயர உஸ்பெக் வீரர் பக்கோதிர் ஜலோலோவிடம் காலிறுதியில் தோற்றார். முந்தைய சுற்றில் வாங்கிய அடிக்கு முகத்தில் 13 தையல் போட்டுக்கொண்டுதான் அன்று இறங்கினார்.

கபடியைச் சடுகுடு என்று தோட்டத்திலும் ஆடியவர்கள் நாம். பெரிய ஆட்களைக் கபடி தக்கவைத்துக்கொள்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இந்தியாவின் புரோ கபடியில் எடை வரம்பு 85 கிலோ. தொழில்முறை ஹெவிவெயிட் தொடங்குவதோ 90.7 கிலோவுக்கு மேல். அதாவது கபடி எடுத்துக்கொள்ளும் ஆள் வேறு, ஹெவிவெயிட்டுக்கு வேண்டிய ஆள் வேறு. 85ஐத் தாண்டியவனைக் கபடியே வெளியே அனுப்பிவிடுகிறது. சதீஷுக்கு வாசலில் இராணுவம் காத்திருந்தது. நம் பையனுக்கு யார் காத்திருக்கிறார்கள்?

இங்கேதான் கதை வேறு மாதிரி ஆகிறது. மலேசியாவுக்கு ஹெவிவெயிட் தெரியாததல்ல. 1975 ஜூலை 1ஆம் தேதி, முகம்மது அலி மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு 15 சுற்றுகள் மோதினார். அமெரிக்காவில் இரவு நேரக் காட்சியாக வேண்டும் என்பதற்காக நமக்குக் காலையிலேயே சண்டை. பெரியவர்கள் இன்னும் அதைப் பேசுவார்கள். ஆனால் அலியைப் பார்த்துக் கைதட்டிய நாட்டின் பெரிய பதக்கம் எடைத்தட்டின் மறுமுனையில் இருந்தது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நமக்குக் குத்துச்சண்டைத் தங்கம் தந்த சரவாக்கின் சாப்போக் பிக்கி 48 கிலோ வீரர். அதே போட்டியில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் இங்கிலாந்தின் ஆட்லி ஹாரிசனுக்கு. வட்டாரம் முழுக்க இதுதான் நிலை. தாய்லாந்தின் முதல் ஒலிம்பிக் தங்கமான சோம்லக் கம்சிங் 57 கிலோ. பிலிப்பைன்ஸின் பக்கியாவ் உலகப் பட்டத்தைத் தொடங்கியது ஃப்ளைவெயிட்டில். பதக்கம் எங்கே கிடைக்குமோ அங்கேதான் பயிற்றுநரின் கண்ணும் பணமும் போகும். அதைக் குறை சொல்ல முடியாது.

அதன் விளைவை ஒரு பயிற்சிக்கூடத்தில் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். 95 கிலோ பையன் ஒருவன் புதிதாகச் சேர்கிறான். அவனோடு மோத அங்கே இருப்பவர்கள் 60, 63 கிலோ பையன்கள். மணி அடித்ததும் பயிற்றுநர் ஓரத்தில் இருந்து கத்துவார்: “அடிக்காதடா, சும்மா தொடு!” பெரியவன் முழங்கையை மடக்கி, பாதி வழியில் குத்தை நிறுத்துகிறான். சின்னவன் எட்டி எட்டி அடித்தும் தாடையைத் தொட முடியாமல் நெஞ்சில் தட்டிவிட்டு ஓடுகிறான். மூன்று நிமிடம் முடிந்ததும் இருவரும் சிரிக்கிறார்கள். இப்படியே மூன்று மாதம் போனால் பெரியவன் கற்றுக்கொண்டது என்ன? குத்தைப் பாதியில் நிறுத்தும் பழக்கம். நெஞ்சு அதிர ஒரு குத்தைக்கூட வாங்கிப் பார்த்திருக்க மாட்டான். ஹெவிவெயிட்டை உருவாக்க இன்னொரு ஹெவிவெயிட் வேண்டும். அவன் அடுத்த மாநிலத்தில் இருந்தாலும் பயனில்லை, அதே கூடத்தில் வாரம் இரண்டு முறை நிற்க வேண்டும்.

ஆகவே சிலாங்கூரின் நீண்ட கைக்காரர்கள் வேறெங்கோ பேர் வாங்கினார்கள். சிலாங்கூர், தேசியக் குழுக்களின் கோலி ஆர். ஆறுமுகத்தை ‘ஸ்பைடர்மேன்’ என்று ரசிகர்கள் அழைத்தது அந்தக் கைகளுக்காகத்தான். 1988இல் கார் விபத்தில் இறக்கும்வரை அந்தப் பெயர் ஒட்டியிருந்தது. அவரைக் குத்துச்சண்டை இழந்தது என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். காற்பந்து பெற்றது என்பதே சரி.

காற்பந்து போக, பள்ளிப் பிள்ளைகளிடம் கராத்தேயின் பிடி வேறு வகை. அதற்கு வளையம் வேண்டாம், தமிழ்ப்பள்ளி மண்டபமும் ஒரு பாயும் போதும். பட்டைத் தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. உள்நாட்டுப் பல்கலைக்கழக நுழைவில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். குத்துச்சண்டைக் கழகம் உள்ள பள்ளி அபூர்வம். தேசியக் கராத்தே குழுவில் பிரேம்குமார், சர்மேந்திரன், ஷாமளாராணி என்று நம் பெயர்கள் வரிசையாக இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

அண்மைக் காலத்தில் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. கோலாலம்பூரின் அகிலன் தாணி பதின்ம வயதில் அதிக எடையோடு அவதிப்பட்டவர். எடை குறைக்கத்தான் கலப்புத் தற்காப்புக் கலைக் கூடத்துக்குப் போனார். 2017 மே மாதம் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப்பின் வெல்டர்வெயிட் பட்டத்துக்கு அமெரிக்கரான பென் அஸ்க்ரனோடு மோதும் அளவுக்கு வளர்ந்தார். முதல் சுற்றிலேயே தோற்றார் என்பது வேறு. அந்தப் பிரிவின் வரம்பு ஏறத்தாழ 84 கிலோ. கவனியுங்கள், அங்கேயும் எடை இறங்கித்தான் வர வேண்டியிருந்தது.

எடைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல் அல்லது உடற்பருமன். ஆனால் வயிற்றில் ஏறும் கிலோ வேறு, வளையம் கேட்கும் கிலோ வேறு. 49 சண்டையிலும் தோற்காத ராக்கி மார்சியானோவின் எடை 85 கிலோ அளவுதான். இன்று அவர் ஹெவிவெயிட்டிலேயே சேரமாட்டார். ஆனால் அந்த எடைக்கும் இடமுண்டு என்பது நம் பையனுக்கு நல்ல செய்தி. பாரிஸ் ஒலிம்பிக்கில் 92 கிலோவுக்கு மேல் ஒரு பிரிவு, அதற்குக் கீழே 80 முதல் 92 வரை ஒரு பிரிவு. கொழுப்பைக் கரைத்தபின் நம் ஆறடிக்காரன் பெரும்பாலும் வந்து நிற்பது இந்த இரண்டாவதில்தான்.

எனவே புக்கிட் ரோத்தானில் யாராவது ‘பையன் பந்தை விட்டுவிட்டுக் குத்துச்சண்டைக்குப் போகட்டுமா’ என்று கேட்டால், விட வேண்டாம் என்றுதான் சொல்வேன். பதினாறு பதினேழுவரை கோலியாகவே நிற்கட்டும். பக்கவாட்டில் பாயும் கால்வேலையும் கண்பார்வையும் வீண்போகாது. வயதுவந்தோர் பிரிவு 19இல்தான் தொடங்குகிறது, 40வரை போகிறது. சதீஷ் தோக்கியோவில் இறங்கியபோது அவருக்கு வயது 32. கேட்க வேண்டிய கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது: கோல சிலாங்கூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து அவன் சேரும் கூடத்தில், அவன் எடையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களா? பயண, சாப்பாட்டுச் செலவை யார் தருவது? இராணுவத்திலும் போலீசிலும் நம் பிள்ளைகள் அதிகம் சேராத நிலையில், அந்தச் செலவு இப்போதைக்கு அப்பாவின் செம்பனைத் தோட்டச் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.