ஃபைபர் பாடி: நடுவில் என்ன வைக்கிறார்கள்?

சரக்கு வேனுக்குப் பின்கூண்டு, மேல்கூரை, பம்பர் என்று பலவும் இன்று கண்ணாடி இழையில், அதாவது ஃபைபரில், வருகின்றன. துருப்பிடிக்காது, எடை குறைவு என்பதால் நம் வியாபாரிகளும் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் விலையை மட்டும் பேசிவிட்டு, தகட்டின் நடுவே என்ன இருக்கிறது என்று கேட்காமல் வந்துவிடுகிறோம். கூண்டின் ஆயுள் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

இது புதிய தொழில் அல்ல. அமெரிக்காவின் கார்வெட் கார் 1953லேயே ஃபைபர் பாடியுடன் வந்தது. 1982இல் பெங்களூரில் தயாரான டால்பின் காரும் ஃபைபர்தான்.

அச்சின் மேல் மெழுகு பூசி, ஜெல்கோட் அடித்து, கண்ணாடி இழை மேட்டை விரித்து ரெசினில் நனைத்து, காற்றுக் குமிழி போக உருளையால் உருட்டுவார்கள். இந்த மேட்டும் நம் பனியன் துணி போல ஜி.எஸ்.எம். கணக்கில்தான் விற்பனையாகிறது: 300, 450, 600. துணியில் 180க்குப் பதில் 160 வந்தால் கையில் தொட்டே சொல்லிவிடுவோம். ரெசின் இறுகிய பிறகு மேட்டை அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே வேலை நடக்கும்போதே ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பார்ப்பது நல்லது.

அகலமான தகடு ஓட்டத்தில் படபடவென்று அதிரும். முழுக்க ஃபைபரிலேயே கனமாக்கினால் எடையும் செலவும் ஏறும். அதனால் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே லேசான பொருளை வைத்து ஒட்டுகிறார்கள். பட்டறையில் இதைக் 'கோர்' என்பார்கள். 4 மி.மீ. தகட்டை இரண்டு 2 மி.மீ. தகடுகளாகப் பிரித்து, நடுவே 4 மி.மீ. கோர் வைத்தால் வளையாத தன்மை ஏறக்குறைய 7 மடங்காகிறது. எடையோ சிறிதளவுதான் கூடும். இரும்பு கர்டரின் சூட்சுமமும் இதுவே.

எதைக் கோராக வைப்பது? மலிவு என்று தெர்மோகோலை வைக்கக்கூடாது. வழக்கமான பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். பி.யு. ஃபோம் கரையாது. கூரைக்கும் பக்கச் சுவருக்கும் அது போதும் என்பது என் கருத்து. ஆனால் ஓயாத அதிர்வில் மட்டமான ஃபோம் பொடியாக உதிரும். பி.வி.சி. ஃபோம் உறுதியானது, தண்ணீரை உறிஞ்சாது, விலைதான் அதிகம். ஈக்வடாரிலிருந்து வரும் பால்சா மரம் மிக லேசானது. 1997இல் வந்த கார்வெட்டின் தரைப்பகுதியில் பால்சாவைத்தான் வைத்தார்கள்.

நம் மளிகை வியாபாரத்தில் அரிசி மூட்டை 'தொப்'பென்று விழும் தரைக்கு, கனமானாலும், பிளைவுட்டே ஏற்றது. ஆனால் விளிம்பு, ஆணித் துளை எதுவும் விடாமல் ரெசினால் அடைத்திருக்க வேண்டும். பால்சாவுக்கும் இது பொருந்தும். ஒரு துளை வழியே மழைநீர் புகுந்தாலும், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துவிடும். கதவுக் கீல், தாழ்ப்பாள் வரும் இடங்களில் ஃபோமை எடுத்துவிட்டுக் கெட்டியான மரமோ முழு ஃபைபரோ வைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் போல்ட்டை முறுக்கும்போதே தகடு உள்ளே அமுங்கிவிடும்.

வண்டியை எடுக்கும் முன் ஒரு நாணயத்தால் பரப்பு முழுவதும் தட்டிப் பாருங்கள். எங்கும் 'டக் டக்' என்று கேட்டு, ஓரிடத்தில் மட்டும் 'பொத்' என்று மந்தமாக ஒலித்தால் அங்கே கோர் ஒட்டவில்லை. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டுங்கள். சரிசெய்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.