கொல்லைத் தரைக்கு எந்தக் கல்?

ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம் எல்லாம் தாண்டினால் கடைசியில் கிணறும் துவைக்கிற கல்லுமாகக் கொல்லை இருக்கும். அதற்குத் தளம் போட நினைப்பவர் நிறத்தைப் பார்க்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். சித்திரை வெயிலில் அதில் வெறுங்காலோடு நிற்க முடியுமா? ஐப்பசி மழைத் தண்ணீர் எங்கே போகும்?

கடப்பா கல் விலை குறைவு, உறுதியானது. ஆனால் கறுப்பு. திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் மத்தியானம் அதில் கால் வைக்க முடியாது. அது சுண்ணாம்புக் கல் வகை; கழிவறை கழுவும் ஆசிட் பட்டால் அரித்து வெளுத்துவிடும். மெருகேற்றியது ஈரத்தில் வழுக்கும். கிணற்றடி நிழலுக்கு மெருகேற்றாத கடப்பா போதும்.

கருங்கல்லும் சுடும், கோடையில் கோயில் பிரகாரத்தில் நடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கொத்திய கருங்கல் வழுக்காது, பேரன் காலத்திலும் தேயாது. கூலிதான் கையைக் கடிக்கும். செங்கல்லைக் குத்தாக அடுக்கினால் சூடு குறைவு, பார்க்கவும் அழகு. வெயில் படாத மூலையில் மட்டும் வேண்டாம். மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடும்.

ஆத்தங்குடிக் கல்மேல் பலருக்கும் ஆசை. சூளையில் சுடாமல், கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் சிமென்ட் கல் அது. கூடத்துக்கு அதைப்போல வேறில்லை. திறந்த கொல்லைக்கு ஆகாது.

என்னைக் கேட்டால், தண்ணீரைக் கீழே விடும் தளமே நல்லது. 2003இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கூரைத் தண்ணீருக்குக் குழாய் வைத்துவிட்டுக் கொல்லை முழுக்க சிமென்ட் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஊரில் ஆறு ஓடும் மாதங்களில் கிணறு தானே ஊறும். மற்ற மாதங்களில்? மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கினால்தான் உண்டு. அதற்கு, நடைபாதை அளவுக்கு 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக் போதும். அடியில் ஜல்லி, மேலே மணல் அல்லது எம்-சாண்ட், இடுக்குகளிலும் அதே மணல். "ஆடாம இருக்கும் சார்" என்று கொத்தனார் இடுக்கில் சிமென்ட் பூச வந்தால் தடுத்துவிடுங்கள். பூசினால் தண்ணீர் இறங்காது.

எந்தக் கல் போட்டாலும் வாட்டம் வீட்டுச் சுவரைவிட்டு விலகிப் போக வேண்டும், 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது. கூலி கொடுப்பதற்கு முன் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் அந்தக் கல்லைக் கையோடு பெயர்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.