ஆறாயிரம் கிலோ மீட்டர்தான் ஓடிய மோட்டார் சைக்கிள்: வாங்கலாமா?

"ஒரே கை. 2017-ம் வருஷத்து வண்டி. மொத்தமே ஆறாயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியிருக்கிறது. புது வண்டி மாதிரி!"

விற்கிறவர் இப்படிச் சொன்னதுமே வாங்க வந்தவரின் மனம் பாதி இளகிவிடும். குனிந்து மீட்டரைப் பார்ப்பார். 6,000-தான். பெட்ரோல் டாங்கியைத் தடவிப் பார்ப்பார். வழவழவென்று இருக்கும். விலையோ புது வண்டியின் விலையில் ஏறக்குறையப் பாதி. பிறகென்ன யோசனை?

யோசனை வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நள்ளிரவு ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவருக்குப் பஸ் கிடைப்பது துர்லபம். வண்டி இருந்தால்தான் வேலை நிலைக்கும். அதற்காகச் சீட்டுக் கட்டியும், மனைவியின் வளையலை அடகு வைத்தும் சேர்த்த பணம் ஒரே தடவைதான் கையை விட்டுப் போகும். இப்படி வண்டி தேடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஆசை காட்டுவது 6,000 என்ற எண். ஆனால் அவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் 2017!

தூங்கினால் கெடும்

மனிதனுக்கு ஓய்வு நல்லது. மோட்டார் சைக்கிளுக்கு அப்படி அல்ல. மூலையில் நிறுத்திய வண்டி சும்மா இருப்பதில்லை. மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் பெட்ரோல். அந்த வருஷத்து வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் வைத்தவை. அதன் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் நாளடைவில் ஆவியாகிவிடும். அடியில் பிசின் போல ஒரு கசடு மிஞ்சும். ஊசிக் கண்ணைவிடச் சிறிய ஜெட் துவாரங்களை அது அடைத்துவிடும். இப்போது பெட்ரோலில் எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. 20 சத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் சில பம்புகளில் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலின் குணம் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது. பாதி காலியான டாங்கியோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியில், வெளியே பளபளப்பும் உள்ளே துருவுமாக இருந்தால் ஆச்சரியப்படுவதற்கு இல்லை. டாங்கி மூடியைத் திறந்து டார்ச்சு அடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது பாட்டரி. ஓடாத வண்டியில் அது தானே வடிந்து செத்துப்போகும். பிரேக் எண்ணெயும் ஈரத்தைக் குடிப்பதுதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான். முன் போர்க்கின் ரப்பர் வளையங்கள் காய்ந்து எண்ணெய் கசியும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது டயர். பட்டன்கள் தேயாமல் புதிது போலவே இருக்கும். ஆனால் ரப்பருக்கு வயதாகிவிட்டது. பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடும். ரப்பர் இறுகிப் போனால் மழைச் சாலையில் பிடிப்பு இராது. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவரின் உயிர் அந்த இரண்டு டயர்கள் மேல்தான் இருக்கிறது. டயரின் வயதை அறிய விற்கிறவரைக் கேட்கத் தேவையில்லை. பக்கச் சுவரில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 2317 என்றிருந்தால், 2017-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம்.

ஏன் ஓடவில்லை?

குறைவாக ஓடிய வண்டிகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. தினம் ஒரு கிலோ மீட்டர் கடைக்குப் போய்வந்த வண்டியின் மீட்டரும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அதன் என்ஜின் ஒரு நாளும் முழுச் சூடு ஏறியிருக்காது. உள்ளே படிந்த ஈரம் ஆவியாகாமல் எண்ணெயிலேயே கலந்துவிடும். பாட்டரியும் முழுதாக ஏறியிருக்காது. வாரம் ஒரு தடவை முப்பது, நாற்பது கிலோ மீட்டர் ஓட்டித் துடைத்து நிறுத்திய வண்டிதான் உண்மையில் அதிர்ஷ்டம். அது அபூர்வம்.

வண்டிக்காரர் வெளிநாடு போய்விட்டாரா? கார் வாங்கிவிட்டாரா? அல்லது வண்டி விழுந்து, பயந்துபோய் நிறுத்திவிட்டாரா? காரணத்தைக் கேட்க வெட்கப்படக் கூடாது.

சென்னை வண்டி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. மூழ்கிய வண்டியும் "அதிகம் ஓடாத" வண்டிதான்! சீட்டைக் கழற்றி அடியில் பார்க்க வேண்டும். ஒயர் இணைப்புகளிலும் ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளும் வண்டல் மண் ஒட்டியிருக்கிறதா? என்ஜின் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறதா? இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த வண்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பலாம்.

மீட்டர் சொல்வது மெய்தானா?

மீட்டரும் பொய் சொல்லும். பழைய மாதிரி வண்டிகளில் கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், எண் ஓடாது. எண்கள் மின்னும் புது மாதிரி மீட்டர்களிலும் கணக்கைத் திருத்திவிடும் கைகாரர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வண்டியின் மற்ற உறுப்புகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கால் வைக்கும் ரப்பரும், கியர் மிதியின் ரப்பரும், கைப்பிடியும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் 6,000 கணக்கு உதைக்கிறது. பின் பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தாலும் அப்படியே. டிஸ்க் தகட்டின் ஓரத்தை நகத்தால் வருடினால், தேய்ந்த தகட்டில் மேடு தட்டும். 6,000 ஓடிய வண்டிக்கு இரண்டு டயரும் புதிதாக மாற்றியிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். வயதானதால் மாற்றினேன் என்று பில்லைக் காட்டினால் அவர் யோக்கியர். சர்வீஸ் புத்தகத்தில் தேதியும் கிலோ மீட்டரும் வரிசையாக ஏறியிருந்தால் இன்னும் நல்லது.

பார்க்கப் போகும்போது முன்கூட்டியே "வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். போனதும் முதல் வேலை என்ஜினைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால் எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. முன் சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் "டக்" என்று தட்டினால் கழுத்துப் பேரிங் போய்விட்டது. பழக்கமான மெக்கானிக்கை உடன் அழைத்துப் போய் அவர் கையில் கொடுக்கும் கூலி வீண் செலவு அல்ல.

கணக்குப் போடுங்கள்

வண்டி நல்லதுதான், நின்றதால் மட்டுமே கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கலாம். ஆனால் என்ன விலைக்கு? இரண்டு டயர், பாட்டரி, போர்க் சீல், பிரேக் எண்ணெய், என்ஜின் எண்ணெய், கார்புரேட்டர் சுத்தம், கூலி எல்லாம் சேர்ந்தால் சாதாரண 150 சி.சி. வண்டிக்கே பத்தாயிரம் ரூபாயை எட்டிவிடலாம். விற்கிறவரோ "கம்மியாக ஓடியது" என்று சொல்லி விலையைக் கூட்டுகிறார். நியாயமாகப் பார்த்தால் இந்தச் செலவு விலையில் குறைய வேண்டும். குறைக்க மறுத்தால், தினமும் ஓடி, காலத்தில் எண்ணெய் மாற்றி, முப்பதாயிரம் கிலோ மீட்டர் கண்ட வண்டியே மேல்.

அரசாங்கக் கணக்கும் கிலோ மீட்டரைப் பார்ப்பதில்லை. பதிவு 15 வருஷத்துக்குத்தான். 2017-ல் பதிவான வண்டி ஓடினாலும் நின்றாலும் 2032-ல் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும்.

பழைய வண்டிக்குக் கடன் வாங்கினால் வட்டி பெரும்பாலும் புது வண்டிக் கடனைவிடக் கூடுதல். அதையும் கூட்டிப் பார்த்தால், சில சமயம் சிறிய புது வண்டியே கட்டுப்படியாகும்.

பெயர் மாற்றம்

ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யில் தெரியும். தீர்ந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. 35-ம் நம்பர் படிவத்தில் கடன் கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும். வண்டி கைமாறுவதற்கு 29, 30 நம்பர் படிவங்கள். நின்ற வண்டிகளில் இன்ஷூரன்சு காலாவதியாகியிருப்பது சகஜம். அது இல்லாமல் வீட்டுக்கு ஓட்டி வருவதுகூடச் சட்ட விரோதம்.

"பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது விற்கிறவருக்கும் ஆபத்து. பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. வண்டியை விற்று வெகு காலம் ஆனவர் அவர்!

பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வரும் வரை விலையில் ஒரு சிறு தொகையை நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. விற்கிறவர் விவரம் அறிந்தவராக இருந்தால் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். படிவங்களைத் தாமே எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு உடன் வருவார்.