குரலும் நீரும் தரும் மலை

“எங்க வீட்டுல உங்க குரல் தெளிவா கேட்குது!” என்று ஜோகூர் நேயர்கள் சொன்னால், பாராட்டில் பாதி ஒரு மலைக்குச் சேர வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். கூலாய், பொந்தியான் பக்கம் 654 மீட்டர் உயரத்தில் நிற்கும் குனோங் பூலாய்தான் அது. அதன் உச்சியில் ஒலிபரப்பு, தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன.

கோபுரங்களுக்காகப் போட்ட தார்ச்சாலைதான் நடப்பவர்களுக்கும் வழி. சுமார் 5 கிலோமீட்டர் தூரம். கயிறு பிடித்து ஏற வேண்டியதில்லை. ஆனாலும் சில வளைவுகளில் மூச்சு வாங்கும். இருபுறமும் காடு. மேகம் விலகினால் கீழே செம்பனைத் தோட்டங்கள் பச்சைப் பாய்போல் விரியும்.

இந்த மலையின் தண்ணீருக்கும் ஒரு கதை உண்டு. 1927-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூர் இங்கிருந்து குடிநீர் எடுத்தது. 1961 ஒப்பந்தம் முடிந்ததும், 2011 ஆகஸ்ட் 31 அன்று இங்குள்ள நீர் நிலையம் ஜோகூரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதே தண்ணீர் உயிரையும் எடுத்திருக்கிறது. 2001 டிசம்பர் இறுதியில், பூமத்தியரேகைக்கு மிக அருகே உருவான ‘வாமேய்’ புயல் ஜோகூரைத் தாக்கியது. விடாமல் கொட்டிய மழையில் இம்மலையில் மண் சரிந்து, அடிவாரத்தில் 5 பேர் இறந்தார்கள். அதன்பின் இங்குள்ள பொழுதுபோக்கு வனம் நீண்டகாலம் மூடிக்கிடந்தது.

அதனால் குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். புறப்படும் முன், பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் கேளுங்கள். காலையிலேயே ஏறுங்கள், ஜோகூரில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வராது. நவம்பர் முதல் ஜனவரி வரை கூடுதல் கவனம் தேவை. அருவியில் பிள்ளைகள் குளிக்கும்போது தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் குச்சியும் அடித்து வந்தாலோ உடனே கரையேற்றுங்கள். உங்கள் தலைக்குமேல் வெயில் அடித்தாலும், மேலே மழை பெய்துகொண்டிருக்கலாம்.

போன முறை அம்மாவோடு போனேன். பாதி வழியில் வானம் இருண்டது. “இன்னும் கொஞ்ச தூரந்தான்மா” என்றேன்.

“மலை எங்கேயும் ஓடிடாது. திரும்பு” என்றார் அம்மா.

திரும்பினோம். அடிவாரம் வந்து சேர்வதற்குள் கொட்டித் தீர்த்தது. கடையில் ஒதுங்கி, சூடான தே தாரிக் குடித்தபடி மேலே பார்த்தேன். கோபுரங்கள் மேகத்துக்குள் மறைந்திருந்தன. கடை வானொலி மட்டும் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தது.