மணி அடித்தால் யார் வருவார்?

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. இன்னொரு கப் போட்டுக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னதும் வெளிநாட்டுப் பிள்ளை முதலில் கேட்பது, "கேமரா வைத்துவிட்டால் போதாதா?" என்பதுதான். ஹைதராபாத்தில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் இந்த மறதி நோய் இருக்கிறது. பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது வீடுதான்.

கேமராவை விடுங்கள், அதைவிட எளிய கருவிகள் இருக்கின்றன. வாசல் நிலையில் ஒரு சின்னப் பெட்டி, கதவில் ஒரு காந்தம். கதவு திறந்து காந்தம் விலகினால் போனில் மணி அடிக்கும். யாரையும் படம் பிடிக்காது. நடைவழியில் வைக்கும் சென்சார் உடல்சூடு நகர்வதை மட்டும் உணரும். ராத்திரி இரண்டு தடவை பாத்ரூம் போகிறவர் திடீரென்று ஆறு தடவை போனால், சிறுநீர்த் தொற்றா என்று பார்க்கச் சொல்லலாம். வயதானவர்களுக்கு அது காய்ச்சலே இல்லாமல், வெறும் குழப்பமாகவும் தலைகாட்டும்.

காஸ் டிடெக்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படியும். டிடெக்டரைக் கீழே வைக்க வேண்டும். பாக்யநகர் காஸ் குழாய் இணைப்பு என்றால் நேர்மாறு: மீத்தேன் மேலே எழும், கருவி கூரையருகே இருக்க வேண்டும். இடம் மாற்றி மாட்டினால் வீட்டில் கருவி இருந்தும் பிரயோஜனமில்லை.

ஜிபிஎஸ் வாட்ச் கட்டலாம். ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும். அம்மா கழற்றி வைத்துவிட்டால் அது மேஜை இருக்கும் இடத்தைத்தான் காட்டும். இன்வர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடினால் போதாது, வைஃபை ரௌட்டரும் ஓட வேண்டும். கரண்ட் போகும் ராத்திரியில் கருவிகள் ஊமையாகிவிடக் கூடாது.

சரி, எல்லாம் வாங்கி மாட்டியாயிற்று. அம்மா பத்திரமா? இங்கிலாந்தில் 495 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு முழு ஏற்பாடு, மற்றவர்களுக்குப் புகை அலாரம் போன்ற அடிப்படைக் கருவிகள் மட்டும். இரண்டு ஆண்டு கவனித்தும், சொந்த வீட்டில் வாழ்ந்த காலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. முடிவு 2021-இல் வெளிவந்தது. கருவி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. கருவி சேதி சொல்லும், அவ்வளவுதான். ஓடி வருவது மனிதர் வேலை.

ஹைதராபாத்தின் மாரேட்பள்ளியில் ஒரு தமிழ் அம்மா, டல்லாஸில் மகன் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி இரண்டு மணி. "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலிருந்தே அம்மா கிளம்புகிறார். கதவுமணி மகனின் போனில் அடிக்கிறது. கோடைக்காலம் என்றால் அங்கே பிற்பகல் மூன்றரை, விழித்திருப்பார். அந்த வகையில் தூரமே ஒரு சௌகரியம். ஆனால் அவர் செய்யக்கூடியது, வாட்ச்மேனைக் கூப்பிடுவது. வாட்ச்மேனுக்கோ தெலுங்குதான் தெரியும்.

ஹைதராபாத்துக்கும் மொழிக்கும் மறதி நோய்க்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்குள்ள நிம்ஸ் மருத்துவமனையில் அப்போது இருந்த சுவர்ணா அல்லாடியின் குழு 648 நோயாளிகளை ஆராய்ந்து, இரண்டு மொழி பேசுவோருக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வருகிறது என்று 2013-இல் எழுதியது. ஆனால் நோய் முற்றும்போது பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும். நாற்பது வருஷம் தெலுங்கில் காய்கறி வாங்கிய அம்மாவுக்குத் தமிழ் மட்டும் மிஞ்சலாம். ஆகவே வாட்ச்மேனுக்கு, "வாங்கம்மா, காபி குடிக்கலாம்" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், நாலடி கூட நடந்துவிட்டுத் திருப்பிக் கூட்டி வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கேட்டுச் செய்யுங்கள். நோயின் ஆரம்பத்தில் அம்மாவால் யோசித்துப் பதில் சொல்ல முடியும். கேமரா வேண்டாம், கதவுமணி சரி என்றால் அதுதான் முடிவு. குளியலறையில் எந்நாளும் கேமரா கூடாது. கவனித்துக்கொள்ள வருகிற ஆயாவிடமும், எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று முதல்நாளே சொல்லிவிட வேண்டும்.

முதியோர் உதவி எண் 14567-இல் பகலில் யோசனை கேட்கலாம். நடுராத்திரி ஆபத்துக்கு 112. ஆனால் இரண்டுக்கும் முன்னால், பத்து நிமிஷத்தில் வந்து சேரக்கூடிய மூன்று பேரின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். எதிர் ஃபிளாட், வாட்ச்மேன், அடுத்த தெருச் சொந்தம், யாராக இருந்தாலும் சரி. அவர்களிடம் ஒரு சாவி இருக்கட்டும். மூன்று பெயர் தேறினால் கருவி வாங்குங்கள். தேறாவிட்டால், அந்தப் பணத்தை ராத்திரி துணைக்கு ஆள் போடச் செலவிடுங்கள்.